இன்சுலின் பாட்டிலா, பேனாவா? அம்மாவுக்காக நாங்கள் மாறிய கதை

என் அம்மாவுக்கு 68 வயது. மாத்திரை மட்டும் போதாமல் இன்சுலினுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு, காலையில் 20 யூனிட், இரவில் 12 யூனிட், 30/70 கலவை (வேகமாக வேலை செய்யும் இன்சுலின் 30 பங்கு, மெதுவாக நீடித்து வேலை செய்வது 70 பங்கு). முதல் இரண்டு வருடம் பாட்டிலும் சிரிஞ்சும். இந்த ஒரு வருடமாகப் பேனா, அதாவது பேனா வடிவில் இருக்கும், அளவைத் திருகி வைத்துப் போடும் இன்சுலின் ஊசி. ஒரே ஆளுக்கு, ஒரே அளவுக்கு இரண்டையும் பார்த்துவிட்டதால் எழுதுகிறேன். பேனா பக்கம்தான் நான் நிற்கிறேன்.

மருந்தில் வித்தியாசம் இல்லை. அதே இன்சுலின்தான், அதே மாதிரிதான் சுகரைக் குறைக்கிறது. கலங்கலான கலவை மருந்து என்பதால் போடும் முன் உள்ளங்கையில் உருட்டிக் கலக்க வேண்டியதும் இரண்டுக்கும் பொதுதான். பேனாவில் 4 மி.மீ. ஊசி, அதனால் வலி குறைவு. கல்யாண வீட்டுக்குக் கைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம். இதெல்லாம் மருந்துக்கடையிலேயே சொல்வார்கள். இவற்றுக்காக மட்டும் என்றால் நாங்கள் மாறியிருக்க மாட்டோம்.

மாற வைத்தது சிரிஞ்சின் கோடு.

நம் ஊர் மருந்துக்கடைகளில் இன்சுலின் இரண்டு அடர்த்தியில் கிடைக்கிறது. வழக்கமான 10 மி.லி. பாட்டிலில் ஒரு மி.லி.க்கு 40 யூனிட். பேனாவுக்குள் போடும் 3 மி.லி. கார்ட்ரிட்ஜில் (சின்ன மருந்துக் குழாயில்) ஒரு மி.லி.க்கு 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை: 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும்.

ஒரு தடவை சிரிஞ்ச் தீர்ந்து, அவசரத்துக்கு வேறொரு கடையில் வாங்கினோம். கொடுத்தவரும் பார்க்கவில்லை, வாங்கிய நானும் பார்க்கவில்லை. ஆரஞ்சு மூடி. அம்மா வழக்கம்போல 20ஆம் கோடு வரை இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்தச் சிரிஞ்சில் 20ஆம் கோடு என்பது 0.2 மி.லி. பாட்டிலில் இருப்பதோ மி.லி.க்கு 40 யூனிட் மருந்து. ஆக, உள்ளே போனது வெறும் 8 யூனிட். இரவு 12க்குப் பதில் ஐந்துகூட இல்லை. ஒன்பது நாள் இப்படியே ஓடியது. வெறும் வயிற்றில் 280. "நான் ஒண்ணும் கண்டதைச் சாப்பிடலப்பா" என்று அம்மா கண் கலங்கினார். நாங்களோ அவர் ஒளித்து இனிப்பு சாப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தச் சந்தேகத்துக்காக இன்றுவரை எனக்கு வருத்தம் இருக்கிறது.

டாக்டர் அளவைக் கூட்டத்தான் இருந்தார். பக்கத்தில் இருந்த நர்ஸ் அக்கா, "எப்படிப் போடுறீங்க, சிரிஞ்சைக் காட்டுங்க" என்று கேட்டதால் தப்பித்தோம். கூட்டிய அளவோடு மறுபடி சிவப்பு மூடிக்குப் போயிருந்தால் சுகர் தாழ்ந்து மயங்கியிருப்பார். தனியாக இருக்கும் மனுஷி, ராத்திரியில் யார் பார்ப்பது?

சரியான சிரிஞ்சே கையில் இருந்தாலும் சிக்கல் தீரவில்லை. அம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை. மங்கலான வெளிச்சத்தில் அந்தக் கோடுகளை எண்ணுவது, காற்றுக் குமிழியைத் தட்டி வெளியேற்றுவது, இதெல்லாம் தினம் இரண்டு வேளை. 18ஆ 20ஆ என்று அவருக்கே நிச்சயம் இருக்காது.

பேனாவில் எண்ணைத் திருகி வைத்தால் சின்ன ஜன்னலில் 20 என்று தெரிகிறது. ஒரு யூனிட்டுக்கு ஒரு டிக் சத்தம். சத்தத்தை மட்டும் நம்பக் கூடாது, எண்ணையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் கண்ணுக்குக் காதும் துணையாக இருப்பது அம்மாவுக்குப் பெரிய தைரியம். பழக வேண்டியவை இரண்டு: ஒவ்வொரு தடவையும் 2 யூனிட் வெளியே தள்ளி, ஊசி முனையில் சொட்டு வருகிறதா என்று பார்ப்பது, அழுத்திய பிறகு பத்து எண்ணும் வரை ஊசியை எடுக்காமல் இருப்பது. இரண்டாவதை அம்மா முதல் வாரம் மறந்து மறந்து, தோல் மேலேயே மருந்து வழிந்தது. அப்புறம் சரியாகிவிட்டது.

செலவில் பாட்டில்தான் ஜெயிக்கிறது, அதை மறைக்க முடியாது. அம்மாவுக்கு ஒரு நாளைக்கு 32 யூனிட். 400 யூனிட் உள்ள பாட்டில் பன்னிரண்டு நாள் வரும். 300 யூனிட் கார்ட்ரிட்ஜ், சொட்டுப் பார்க்கிற 4 யூனிட்டையும் சேர்த்தால் எட்டு நாள்தான். யூனிட் கணக்கில் விலையும் கூடுதல். ஊசி முனைகள் தனிச் செலவு. இன்னொன்று, மாற்றிப் போடும் பேனாவில் அந்தந்தக் கம்பெனி கார்ட்ரிட்ஜ்தான் சேரும். அது கடையில் இல்லாத அன்று பேனாவால் பயன் இல்லை. 40 யூனிட் பாட்டில் என்றால் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சிவப்பு மூடி சிரிஞ்ச் போதும்.

அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக பாட்டில் வாங்குகிறவர்கள், வீட்டில் கண் தெரிந்த ஒருவர் ஊசி போட்டுவிடும் வசதி இருந்தால், கடன் வாங்கிப் பேனாவுக்கு மாற வேண்டியதில்லை. ஒவ்வொரு தடவையும் பாட்டிலில் 40, சிரிஞ்சிலும் 40 என்று பார்த்து வாங்கினால் போதும். தனியாக இருக்கும் வயதானவர்கள், பார்வை மங்கியவர்கள், கை நடுங்குகிறவர்கள் என்றால் வேறு செலவைக் குறைத்தாவது பேனா வாங்கிக் கொடுங்கள் என்பேன். குழந்தைகளுக்கு அரை யூனிட் கணக்கில் போடுவது, நாளைக்கு நான்கு வேளை போடுவது இதெல்லாம் எங்கள் வீட்டில் நடந்ததில்லை. அவர்கள் தங்கள் டாக்டரிடம் கேட்பதுதான் சரி.

பேனாவுக்கு மாறியவர்களும் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். பேனா மக்கர் செய்தால் கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் மருந்தை உறிஞ்சாதீர்கள். சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் போவது 50 யூனிட். அதற்காகவே அம்மா வீட்டு ஃப்ரிட்ஜில், ஃப்ரீசரை ஒட்டாமல் நடுத்தட்டில், அதே 30/70 பாட்டில் ஒன்றும் சிவப்பு மூடி சிரிஞ்சுகள் பத்தும் ஒரே டப்பாவில் இருக்கின்றன. மூடியில் 40 என்று மார்க்கரால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம்.