போட்டோஷாப் ஷார்ட்கட்கள்: பத்து வருடத்தில் கையில் தங்கியவை

போட்டோஷாப் பழக ஆரம்பித்த புதிதில் ஷார்ட்கட் அட்டவணை ஒன்றை அச்சிட்டு மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தேன். பொடி எழுத்தில் நூற்றுக்கும் மேல் இருக்கும். ஒரு வருடம் கழித்து அதைக் கிழித்துப் போடும்போது, பார்க்காமலே தட்ட வருவது எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். பத்துகூடத் தேறவில்லை. அதற்குப் பிறகு ஒன்பது வருடம் ஓடிவிட்டது. இன்றும் எண்ணிக்கை முப்பதைத் தாண்டியிருக்காது. ஆனால் வேலை நடக்கும் விதம் அடியோடு மாறிவிட்டது. எது தங்கியது, எது போனது, எது காலை வாரியது என்பதைத்தான் எழுதுகிறேன்.

நான் பயன்படுத்துவது விண்டோஸ். மேக் வைத்திருப்பவர்கள் கன்ட்ரோல் என்பதை கமாண்ட் என்றும், ஆல்ட் என்பதை ஆப்ஷன் என்றும் படித்துக்கொள்ளலாம். இன்னொன்று, தமிழில் எழுதினால் பிரஷ்ஷின் பி, பென் டூலின் பி இரண்டும் ஒன்றுதான். அதனால் எந்தக் கருவியின் எழுத்து என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் வருடத்தில் செய்த தப்பு, மெனுவில் இருப்பதையெல்லாம் மனப்பாடம் செய்தது. வெளிச்சம் திருத்தும் லெவல்ஸுக்கு கன்ட்ரோல்+எல், கர்வ்ஸுக்கு கன்ட்ரோல்+எம், நிறம் திருத்தும் ஹியூ சாச்சுரேஷனுக்கு கன்ட்ரோல்+யு. பெரிய வித்தைக்காரன் போலத் தட்டிக்கொண்டிருந்தேன். இந்த மூன்றும் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் (படத்தைத் தொடாமல் அதன் மேல் தனி அடுக்காக நிற்கும் திருத்தம்) போடுவதில்லை, படத்தின் பிக்சலையே நேரடியாக மாற்றுகின்றன என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. ஓகே கொடுத்து, சேமித்து, மூடிவிட்டால் திரும்ப வழியில்லை. கை வேகமாகப் போகிறது என்ற குஷியில் ஒரு வருடப் படங்களை அப்படியே திருத்தி வைத்திருக்கிறேன். இப்போது அவற்றைத் திறந்தால், இந்த நிறத்தை ஏன் இவ்வளவு ஏற்றினேன் என்று பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இறக்க முடியாது. பிறகு கன்ட்ரோல்+ஆல்ட்+ஷிஃப்ட்+கே தட்டினால் வரும் கீபோர்டு ஷார்ட்கட் பெட்டியில், லேயர் மெனுவுக்குள் இருக்கும் கர்வ்ஸ் அட்ஜஸ்ட்மென்ட் லேயருக்கே தனியாக ஒரு விசையைக் கொடுத்துக்கொண்டேன். புதிதாக ஆரம்பிப்பவர்கள் இதை முதல் வாரத்திலேயே செய்துவிடலாம்.

உண்மையில் பலன் தந்தவை, பிரஷ் படத்தின் மேல் இருக்கும்போதே இடது கை தட்டக்கூடியவை. ஒரு முகப்படம் திருத்துவதாக வைத்துக்கொள்வோம். நெற்றியில் வெளிச்சம் சரியாக இருக்கிறது, கண்ணுக்குக் கீழே நிழல் அப்பியிருக்கிறது. கர்வ்ஸ் லேயர் போட்டு மொத்தப் படத்தையும் கொஞ்சம் வெளிச்சமாக்குகிறேன். கன்ட்ரோல்+ஐ. அந்த லேயரின் மாஸ்க் (திருத்தம் எங்கே தெரிய வேண்டும் என்று சொல்லும் மறைப்பு; வெள்ளை காட்டும், கறுப்பு மறைக்கும்) கறுப்பாகி, ஏற்றிய வெளிச்சம் மறைந்துவிடும். பிரஷ்ஷுக்கு பி. டீஃபால்ட் நிறங்களுக்கு டி. மாஸ்க்கில் நிற்கும்போது டி தட்டினால் முன்நிறம் வெள்ளை, பின்நிறம் கறுப்பு. சாதாரண லேயரில் இது தலைகீழ். எண் 2 தட்டினால் பிரஷ்ஷின் ஒப்பாசிட்டி, அதாவது பூச்சின் அடர்த்தி, 20 சதவீதம். சுழியம் தட்டினால் முழுசாக 100. நாலையும் ஐந்தையும் வேகமாக அடுத்தடுத்துத் தட்டினால் 45. இனி கண்ணுக்குக் கீழே மெல்லத் தடவ வேண்டியதுதான். மூக்குப் பக்கம் வழிந்துவிட்டதா? எக்ஸ். நிறங்கள் இடம் மாறும். வழிந்ததை அழித்துவிட்டு மறுபடி எக்ஸ். எங்கெல்லாம் தடவினோம் என்ற சந்தேகம் வந்தால் பேக்ஸ்லாஷ்: மறைந்திருக்கும் பகுதியெல்லாம் சிவப்புத் திரை போட்டதுபோல் தெரியும், தடவிய இடம் மட்டும் திறந்திருக்கும். விட்டுப்போன மூலைகள் அதில் உடனே மாட்டும்.

இதில் மிச்சமாகும் நொடிகள் ஒருபுறம் இருக்கட்டும். பழைய முறையில் கண் கருவிப்பெட்டிக்குப் போய்த் திரும்புவதற்குள், இடது கன்னத்தில் எவ்வளவு தடவினோம், வலதுக்கு இன்னும் எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு தப்பிவிடும். இப்போது பார்வை முகத்தை விட்டு நகர்வதில்லை. அதனால் தேவைக்கு மேல் தடவுவதும் குறைந்துவிட்டது. முன்பு நான் திருத்திய முகங்கள் மெழுகுப் பொம்மை மாதிரி இருந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். மீதிப் பாதி ரசனைக் குறைவு.

பிரஷ் அளவுக்கு எல்லோரும் சொல்வது சதுர அடைப்புக்குறிகள். ஷிஃப்ட்டோடு சேர்த்தால் ஓரத்தின் கடினம் மாறும். நான் அதை விட்டுப் பல வருடமாகிறது. ஆல்ட்டை அழுத்திக்கொண்டு மவுஸின் வலது பொத்தானோடு இழுத்தால், பக்கவாட்டில் அளவும் மேலும் கீழுமாகக் கடினமும் மாறும். தழும்பின் மேல் பிரஷ்ஷை வைத்து, அதன் அகலத்துக்கு வட்டத்தை இழுத்து நிறுத்திவிடலாம். மேக்கில் இதற்கு கன்ட்ரோலும் ஆப்ஷனும் சேர்த்து அழுத்தி இழுக்க வேண்டும். ஸ்பேஸ் பாரை அழுத்தினால் படம் கையில் நகரும், விட்டால் பழைய கருவி. இது எல்லோருக்கும் தெரியும். எழுத்து விசைகளும் இப்படியே வேலை செய்யும் என்பது பலருக்குத் தெரியாது. பிரஷ்ஷில் இருக்கும்போது அழிப்பானுக்குரிய ஈ-யைத் தட்டாமல் அழுத்திப் பிடியுங்கள். பிடித்திருக்கும் வரை அழிப்பான், விட்டதும் பிரஷ். 2008-ல் வந்த சிஎஸ்4 பதிப்பு முதலே இருக்கிறது. நான் கண்டுபிடிக்கத்தான் மூன்று வருடம் ஆனது, அதுவும் விரல் எடுக்க மறந்த ஒரு நாளில்.

சரி, காலை வாரியவை.

ஒருமுறை ஒரு படத்தின் கீழே பெயர் எழுதிவிட்டு, மூவ் டூலுக்காக வி தட்டினேன். டெக்ஸ்ட் பெட்டி இன்னும் திறந்திருந்தது. பெயருக்குப் பின்னால் சின்னதாக ஒரு ஆங்கில வி உட்கார்ந்துகொண்டது. அதைக் கவனிக்காமல் அனுப்பி, அச்சாகி வந்த பிறகுதான் பார்த்தேன். மறுபடி அச்சடித்த செலவு என் கையிலிருந்து போனது. அன்றிலிருந்து எழுதி முடித்ததும் கன்ட்ரோல்+என்டர் தட்டி எழுத்தை உறுதி செய்யாமல் வேறெந்த விசையையும் தொடுவதில்லை.

எண் விசைகளிலும் இப்படி ஒரு குழி உண்டு. பிரஷ் கையில் இருந்தால் எண் பிரஷ்ஷின் ஒப்பாசிட்டியை மாற்றும். மூவ் டூல் கையில் இருந்தால் லேயரின் ஒப்பாசிட்டியை மாற்றும். ஷிஃப்ட்டும் பிளஸ்ஸும் சேர்ந்த பிளென்ட் மோட் (நிறம் கீழே இருப்பதோடு கலக்கும் விதம்) ஷார்ட்கட்டும் அதே கதைதான். லேயரின் மோட் மாறுகிறது என்று நினைத்துத் தட்டிக்கொண்டே இருப்போம். பிரஷ்ஷின் மோட் கலர் பர்னுக்குப் போயிருக்கும். அதன்பின் எங்கே தடவினாலும் கரி பூசியதுபோல் வரும்.

அப்புறம் கேப்ஸ் லாக். அது ஆனில் இருந்தால் பிரஷ்ஷின் வட்டம் மறைந்து, ஒரு சின்னக் குறுக்குக்கோடு மட்டும் தெரியும். முதல் முறை இது நடந்தபோது மென்பொருளே கெட்டுவிட்டதென்று நம்பி, செட்டிங்ஸை எல்லாம் அழித்துப் புதிதாக ஆரம்பித்தேன். கூடவே நான் அமைத்து வைத்திருந்த ஷார்ட்கட்களும் போயின. அவற்றைக் கே.ஒய்.எஸ். கோப்பாகச் சேமித்து வேறு இடத்தில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளலாம் என்பது அப்போது தெரியாது. என் கணினியில் தமிழ்த் தட்டச்சு ஆனில் இருந்தாலும் எழுத்து விசைகள் ஒன்றும் வேலை செய்யாது. கன்ட்ரோல் சேர்ந்தவை மட்டும் ஓடிக்கொண்டிருப்பதால், கோளாறு எங்கே என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆகும். விண்டோஸில் ஷிஃப்ட்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் ஸ்டிக்கி கீஸ் என்று ஒரு பெட்டி குதிக்கும், அதையும் முதல் நாளே அணைத்துவிடுவது நல்லது.

கை பழகியது எப்போதும் சாதகமாகவே இருக்காது என்பதை 2018 அக்டோபரில் வந்த சிசி 2019 பதிப்பு காட்டியது. அதுவரை கன்ட்ரோல்+இசட் ஒரு படி பின்னால் போகும், மறுபடி தட்டினால் முன்னால் வரும். தொடர்ந்து பின்னால் போக கன்ட்ரோல்+ஆல்ட்+இசட். நான் கன்ட்ரோல்+இசட்டை மாற்றி மாற்றித் தட்டி, முன்னும் பின்னும் எப்படி இருக்கிறது என்று கண் சிமிட்டுவதுபோல் பார்த்துக்கொள்வேன். புதுப் பதிப்பில் கன்ட்ரோல்+இசட் மற்ற மென்பொருள்களைப்போலப் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. சிமிட்டிப் பார்க்கும் பழக்கத்தில் நாலு முறை தட்டினால் நாலு படி அவுட். அதே பதிப்பில், ஷிஃப்ட் அழுத்தாமலே அளவு மாற்றும்போது விகிதம் காக்கப்படும் என்றும் ஆக்கிவிட்டார்கள். இத்தனை வருடம் ஷிஃப்ட் அழுத்தியே பழகிய கை, அன்று முகங்களை வரிசையாகச் சப்பையாக்கியது. இரண்டையும் பழையபடி மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. நான் சில மாதம் பழையதிலேயே இருந்துவிட்டு, கடைசியில் புதியதற்கு வந்துவிட்டேன். சிமிட்டிப் பார்க்கும் வேலையை இப்போது கன்ட்ரோல்+ஆல்ட்+இசட் செய்கிறது.

கைவலியையும் சொல்லியாக வேண்டும். தெரியும் லேயர்களையெல்லாம் ஒரே புது லேயராக எடுக்கும் கன்ட்ரோல்+ஆல்ட்+ஷிஃப்ட்+ஈ எனக்கு ரொம்பப் பிடித்தது. நாளைக்கு ஐம்பது முறை அந்த நண்டுப்பிடி பிடித்ததில் இடது மணிக்கட்டு ஒருநாள் மறியல் செய்துவிட்டது. அதை ஆக்‌ஷனாகப் (பல படிகளை ஒரே கட்டளையாக ஓட்டும் வசதி) பதிவு செய்து ஒரு எஃப் விசைக்கு மாற்றினேன். அளவைக் குறைத்து, ஷார்ப்பன் செய்து, பரவலாகப் பயன்படும் நிற முறையான எஸ்.ஆர்.ஜி.பி.க்கு மாற்றி ஜேபெக்காகச் சேமிப்பதும் இப்போது ஒரே விசைதான். மூன்று விரல் கேட்கும் எதையும் நான் இனி மனப்பாடம் செய்யப்போவதில்லை.

நேரக் கணக்கில் பார்த்தால் பெரிய லாபம் போட்டோஷாப்பில்கூட இல்லை, படங்களை அடுக்கி வைத்துத் திருத்தும் மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில் படம் பொறுக்குவதில்தான். ஒரு நிகழ்ச்சிக்கு ஆயிரம் படம் இருந்தால், கேப்ஸ் லாக்கைப் போட்டுவிட்டு உட்கார்வேன். அங்கே அது ஆனில் இருந்தால், ஒரு படத்துக்குக் கொடி போட்டதும் அடுத்த படம் தானாக வரும். பிடித்தால் பிக்கின் பி, வேண்டாமென்றால் எக்ஸ், முடிவு வராவிட்டால் அம்புக்குறி. இரண்டாவது சுற்றில் கன்ட்ரோல்+பேக்ஸ்பேஸ் தட்டினால், எக்ஸ் வாங்கியவற்றை நீக்கலாமா என்று மொத்தமாகக் கேட்கும். முன்பு ஒரு மாலை முழுவதையும் தின்ற வேலை இப்போது இரவுச் சாப்பாட்டுக்கு முன் முடிகிறது.

கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எக்ஸ், டி, சதுர அடைப்புக்குறிகள் அங்கும் அதே வேலைதான் செய்கின்றன. பெயின்ட் பிரஷ்ஷுக்கு மட்டும் பெயின்ட்டின் பி, பிரஷ்ஷின் பி இல்லை. பிடிக்காவிட்டால் ஷார்ட்கட் பெட்டியில் மாற்றிக்கொள்ளலாம்.

லைட்ரூமில் பொறுக்கி முடித்துவிட்டு நேராக போட்டோஷாப்புக்குப் போகும்போது கேப்ஸ் லாக்கை அணைக்க இன்றும் மறக்கிறேன். போன வாரம்கூட பிரஷ் வட்டத்தைக் காணோம். முன்னேற்றம் என்னவென்றால், செட்டிங்ஸை அழிக்கப் போகாமல் கீபோர்டில் எரியும் சின்ன விளக்கை முதலில் பார்த்தேன்.