லினக்ஸ் கணினியும் கைப்பேசியும்: கேபிளோடு பட்ட பாடு

வெள்ளவத்தையிலுள்ள நண்பர் ஒருவர் தமது கணினியில் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தை நிறுவிய கையோடு, கைப்பேசிப் படங்களை அதில் இறக்குவது எப்படி என்று கேட்டார். பல ஆண்டுகளாக லினக்ஸையும் அன்ட்ராய்ட் கைப்பேசியையும் சேர்த்துப் பயன்படுத்திவரும் எனக்கு, இன்றுவரை எரிச்சலூட்டுவது எம்டிபி எனப்படும் கோப்புப் பரிமாற்ற முறைதான்.

கேபிளைச் செருகியதும் கைப்பேசியின் பெயர் கணினியில் தோன்றும். திறந்தால் உள்ளே ஒன்றுமிராது. திரைப்பூட்டைத் திறந்து, அறிவிப்புப் பகுதியில் கோப்புப் பரிமாற்றத்தைத் தெரிவுசெய்தால்தான் வழி பிறக்கும். அதன் பிறகும், ஒவ்வொரு கோப்பின் விவரத்தையும் தனித்தனியே கேட்டு வாங்குவதால், ஆயிரக்கணக்கான படங்கள் கொண்ட கமெராக் கோப்புறை திறப்பதற்கே நிமிடக்கணக்காகிறது. இத்தனைக்கும் பிறகு வந்துசேர்ந்த கோப்புகளில், படம் எடுத்த திகதி போய் நகலெடுத்த திகதி நிற்கிறது. குடும்பப் படங்களை ஆண்டுவாரியாக அடுக்கிவைக்கும் எவருக்கும் இது பெருந்தொல்லை.

எம்டிபிக்கு முன்பிருந்த யூஎஸ்பி சேமிப்பக முறையில் கணினி கைப்பேசியின் சேமிப்பகத்தை முழுதாகத் தன்வசப்படுத்திக்கொள்ளும். அவ்வேளையில் கைப்பேசிச் செயலிகள் அதைத் தொட முடியாது. 2011இல் வந்த அன்ட்ராய்ட் 4.0 எம்டிபியின் பக்கம் திரும்பியதற்கு இது தக்க காரணமே. அதை ஏற்றுக்கொண்டும் எனக்குக் கோபம் தணியவில்லை.

கைப்பேசியின் பெயரே தோன்றாவிட்டால், கேபிளைச் செருகுமுன்னும் பின்னும் கட்டளைகளைத் தட்டச்சிடும் டெர்மினல் சாளரத்தில், இணைந்துள்ள யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்யூஎஸ்பி’ (lsusb) கட்டளையை இயக்கிப் பாருங்கள். புதிதாக ஒரு வரி சேராவிட்டால் முதலில் கேபிளை மாற்றுங்கள். புறக்கோட்டை நடைபாதையில் நான் வாங்கிய ஒன்றில் மின்னேற்றக் கம்பிகள் மட்டுமே இருந்தன, தரவுக் கம்பிகள் இல்லை. சார்ஜ் ஏறிக்கொண்டே இருந்ததால் அதன்மீது சந்தேகமே எழவில்லை.

நான் இப்போது நம்பியிருப்பது, கருவிகளுக்கிடையே கோப்புறைகளை ஒரேபோல் வைத்திருக்கும் சிங்திங் (Syncthing) என்ற மென்பொருளை. வீட்டு வைஃபையில் இரு கருவிகளும் ஒன்றையொன்று கண்டதும் படங்கள் தாமாகவே வந்துவிடுகின்றன, திகதி மாறுவதில்லை, தமிழ்க் கோப்புப் பெயர்களும் சிதைவதில்லை. அதன் அதிகாரபூர்வ அன்ட்ராய்ட் செயலி 2024 டிசம்பரோடு நின்றுவிட்டதால், ஆர்வலர்கள் பேணிவரும் அதன் கிளை வடிவமான சிங்திங்-போர்க்கையே (Syncthing-Fork) கைப்பேசியில் நிறுவ வேண்டும். மின்கல சேமிப்புக் கட்டுப்பாட்டிலிருந்து அதற்கு விலக்களிக்காவிட்டால் பின்னணியில் நின்றுபோகும்.

இவ்வளவு புகழ்ந்தும், நண்பருக்கு முதல் மாதம் கேபிளையே பரிந்துரைத்தேன். சிங்திங்கில் கைப்பேசியில் அழித்த படம் கணினியிலும் அழிந்துவிடும். இடம் போதாமல் அடிக்கடி படங்களை அழிப்பவர் அவர். கணினிப் பக்கத்தில் பழைய கோப்புகளைக் காக்கும் பதிப்பு வசதியை இயக்கி, ஒரு படத்தை அழித்துச் சோதித்த பின்னரே அவர் அதற்கு மாற வேண்டும்.