பார்சன்ஸின் 1959 கட்டுரை: வாசிக்கத் தகுமா?

பள்ளி சமூகத்துக்கு என்ன செய்கிறது என்ற செயல்பாட்டியப் பார்வைக்கு (சமூகத்தின் ஒவ்வொரு அமைப்பும் அதன் இயக்கத்துக்கு ஒரு பணி செய்கிறது என்ற பார்வை), அமெரிக்க வகுப்பறை பற்றிய அமெரிக்கச் சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸின் கட்டுரையையே நேரடியாகப் படிக்கலாம். நடை கரடுமுரடு. வீட்டில் பிள்ளை 'நம்ம பிள்ளை'. வகுப்பிலோ எல்லோருக்கும் ஒரே அளவுகோல். அந்த மாற்றத்துக்குப் பழக்குவது ஒரு பணி, மதிப்பெண் வழியே வேலைகளுக்குப் பிரித்தனுப்புவது இன்னொன்று. தொடக்கப்பள்ளிப் பகுதிதான் உச்சம்: வயது, பாடம், ஆசிரியர் எல்லாம் ஒன்றே என்பதால் வேறுபாடு சாதனையில் தெரிகிறதாம்.

இடறும் இடமும் அதுவே. ஒரே திறமையுள்ள பையன்களிடமும் கல்லூரி நாட்டம் தந்தையின் தொழிலைப் பொறுத்து மாறுவதை அவர் தரும் பாஸ்டன் தரவே காட்டுகிறது. அதை அவர் லேசாகக் கடந்துவிடுகிறார். சமூக ஏற்றத்தாழ்வு சமூகத்துக்குத் தேவையானது என்று வாதிடும் டேவிஸ்–மூர் கட்டுரை (1945), அதற்குச் சமூகவியலாளர் டியூமினின் மறுப்பு (1953) இரண்டையும் முதலில் படித்துவிடுங்கள்.