எச்சரிக்கை: ‘பரோக் இசை எழுத்துரு’ என்று விற்கப்படும் ஜிப் தொகுப்பு

ஃபிகர்டு பாஸ் எண்கள் (பாஸ் சுரத்தோடு சேர்த்து என்னென்ன சுரங்களை வாசிக்க வேண்டும் என்று காட்டுபவை), பழைய பிரெஞ்சு அலங்காரக் குறிகள், எல்லா வகை சி கிளெஃப்களும் உண்டு. டோரிகோ, ஃபினாலே, லில்லிபாண்ட் என்ற இசை எழுதும் மென்பொருள்கள் மூன்றிலும் ஓடும். இப்படிச் சொல்லி இணையக் கடை ஒன்று 35 யூரோவுக்கு விற்ற எழுத்துருத் தொகுப்பு மூன்றிலுமே சரியாக ஓடவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதிய மின்னஞ்சல்களுக்குப் பதிலும் இல்லை. வேறு பெயரில் உங்கள் கண்ணில் பட்டாலும் அடையாளம் தெரிய வேண்டும் என்பதால் ஜிப்புக்குள் என்ன இருந்தது என்பதை விவரமாகச் சொல்கிறோம்.

இருந்தவை இரண்டே கோப்புகள்: ஓர் ஓடிஎஃப், ஒரு டிடிஎஃப். இரண்டும் எழுத்துருக் கோப்பு வகைகள். ஓடிஎஃப்பை ஃபாண்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துருத் திருத்தியில் திறந்து எலிமென்ட் மெனுவில் ஃபாண்ட் இன்ஃபோ, அதில் டிடிஎஃப் நேம்ஸ் பகுதியைப் பாருங்கள். குடும்பப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். காப்புரிமை வரியில் ஸ்டைன்பெர்க் பெயர் அப்படியே நிற்கிறது. இது பிராவுரா. டோரிகோவை உருவாக்கும் ஸ்டைன்பெர்க், 2013இல் ஸ்மூஃபிள் தரத்தோடு (எந்த இசைக்குறி எழுத்துருவில் எந்தக் குறியீட்டு எண்ணில் இருக்க வேண்டும் என்று வகுப்பது) சேர்த்து இலவசமாக வெளியிட்ட எழுத்துரு. அதன் எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமம், எழுத்துருவைத் தனியாக விற்கக் கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது. உரிம வாசகத்தையும் காப்புரிமை அறிவிப்பையும் கூடவே தர வேண்டும். ஜிப்பில் உரிமக் கோப்பே இல்லை. இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். பணம் திரும்பக் கேட்கும் கெடு முடிவதற்குள் செய்துவிடுங்கள்.

இலவசத்துக்குக் காசு வாங்கியதோடு விட்டிருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது. ‘சொந்தமாக வரைந்தது’ என்று காட்ட ஃபிகர்டு பாஸ் எண்களை மாற்றிவைத்திருக்கிறார்கள். அங்கேதான் உண்மையான சேதம். ஸ்மூஃபிளில் கோடு போட்ட 5க்கு மூன்று குறியீட்டு இடங்கள் உண்டு: ஈஏ58, ஈஏ59, ஈஏ5ஏ. முதல் இரண்டும் அரைச்சுரம் உயர்ந்த ஐந்தாம் சுரம். மூன்றாவது குறைந்த ஐந்தாம் சுரம். இந்த எழுத்துருவில் மூன்று இடத்திலும் ஒரே படம். பாஸில் பி சுரம் நிற்கிறது, மேலே கோடு போட்ட 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு வழக்கில் அது குறைந்த 5, அதாவது பி–எஃப். உயர்ந்த 5 என்று படித்தால் எஃப் ஷார்ப். ஒத்திகையில் ஹார்ப்சிகார்டு வாசிப்பவர் எஃப் ஷார்ப் வாசித்தால் தவறு அவருடையது அல்ல, அச்சினுடையது. கோடு போட்ட 6உம் இதே லட்சணம்: கோடு 6இன் மேல்வாலை மட்டும் வெட்ட வேண்டும், இதிலோ சாதாரண 6 மேல் ஒரு சாய்கோட்டை ஒட்டியிருக்கிறார்கள். அது வயிற்று வட்டத்தின் குறுக்கே போவதால், 8 பாயின்ட் அளவில் மை நிறைந்து 6ஆ 8ஆ என்றே தெரியவில்லை.

அடுத்தது ஜேசன் கோப்பு. ஸ்மூஃபிள் எழுத்துருவை டோரிகோவில் முதன்மை இசை எழுத்துருவாக வைக்க ஓடிஎஃப் மட்டும் போதாது. ஐங்கோட்டின் தடிமன், தண்டு நோட்டின் எந்தப் புள்ளியில் ஒட்ட வேண்டும் என்பதெல்லாம் மெட்டாடேட்டா ஜேசனில்தான் இருக்கின்றன. பிராவுராவில் ஐங்கோட்டுத் தடிமன், இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் 0.13 பங்கு, தண்டுக்கு 0.12. இந்தத் தொகுப்பில் ஜேசன் இல்லை. அதனால் டோரிகோவின் மியூசிக் ஃபாண்ட்ஸ் பட்டியலில் எழுத்துரு தென்படவே தென்படாது. நல்ல எழுத்துரு கையில் இருந்தால் நிறுவும் முறை இது: விண்டோஸில் ஓடிஎஃப்பை வலது சொடுக்கி ‘எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு சி டிரைவ், புரோகிராம் ஃபைல்ஸ், காமன் ஃபைல்ஸ், ஸ்மூஃபிள், ஃபாண்ட்ஸ் என்று போய் எழுத்துருவின் பெயரிலேயே ஒரு கோப்புறை உண்டாக்கி, ஜேசனுக்கும் அதே பெயரிட்டு உள்ளே வையுங்கள். பதிவிறக்கத்தில் ஜேசனின் பெயரோடு ‘மெட்டாடேட்டா’ என்ற சொல் ஒட்டியிருக்கும். அதை நீக்க மறந்துவிட்டு எழுத்துருவைக் குறை சொல்பவர்கள் நிறைய. கடைசியில் டோரிகோவை மூடித் திறக்க வேண்டும்.

டிடிஎஃப் பழைய பாணி: விசைப்பலகை எழுத்துகளின் இடத்தில் குறிகளைப் போட்டது. வேர்டில் ஒரு பெரிய எழுத்தைத் தட்டினால் கோடு போட்ட எண் வரும். எழுத்துரு இல்லாத கணினியில் அதே இடத்தில் வெறும் ஆங்கில எழுத்து நிற்கும். அதோடு எழுத்துருவுக்குள் இருக்கும் ஓஎஸ்/2 என்ற விவர அட்டவணையில், பதிக்கும் அனுமதியைச் சொல்லும் எஃப்எஸ்டைப் மதிப்பு 2. பிடிஎஃப்பில் பதிக்கத் தடை என்று அர்த்தம். அச்சகத்துக்குக் கோப்பை அனுப்பும்முன் பாப்ளர் என்ற பிடிஎஃப் கருவித் தொகுப்பின் பிடிஎஃப்ஃபாண்ட்ஸ் கட்டளையை ஓட்டி, எழுத்துரு பதிந்திருக்கிறதா என்று காட்டும் ‘இஎம்பி’ நெடுவரிசையில் ‘நோ’ என்று ஏதாவது வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அனுப்பாதீர்கள்.

லில்லிபாண்ட் பற்றிய வாக்குறுதி முழுப் பொய். அதன் இசை எழுத்துருக்கள் ஸ்மூஃபிள் அமைப்பில் இல்லை. 11, 13, 14, 16, 18, 20, 23, 26 என்று எட்டு அளவுக்கு எட்டுக் கோப்பு, அடைப்புக்குறிக்குத் தனியாக ஒன்று வேண்டும். ஒற்றை ஓடிஎஃப்பை அங்கே போட்டுப் பயனில்லை. ஃபினாலேயிலும் 27ஆம் பதிப்புக்கு முன் ஸ்மூஃபிள் கிடையாது, மென்பொருளின் வளர்ச்சியே 2024 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டுவிட்டது.

ஃபிகர்டு பாஸுக்கு மட்டும் என்றால் எதையும் வாங்க வேண்டாம். டோரிகோவில் 3.5 முதல் ஷிப்ட்+ஜி, மியூஸ்கோரில் கன்ட்ரோல்+ஜி, லில்லிபாண்டில் ஃபிகர்மோட் என்று அந்தந்த மென்பொருளிலேயே வசதி இருக்கிறது. கட்டுரையின் நடுவே எண்களைச் சேர்க்க ஃபிகுராட்டோ என்ற இலவச எழுத்துரு உண்டு.

ஏற்கெனவே இதை வைத்து ஸ்கோர் அமைத்திருந்தால் எழுத்துருவை உண்மையான பிராவுராவுக்கு மாற்றுங்கள். 6கள் தாமாகவே சரியாகிவிடும். 5கள் ஆகாது. மூன்றும் ஒன்றுபோலவே தெரிந்ததால், அமைத்தவர் எந்த இடத்தை எடுத்தார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கோடு போட்ட ஒவ்வொரு 5ஐயும் மூலப் பதிப்பின் நகலோடு, மேல் குரல்களில் அந்த இடத்தில் என்ன சுரம் நிற்கிறது என்பதோடும் ஒப்பிட்டுக் கையால்தான் திருத்த வேண்டும்.