பால்டோரோவா, பியாஃபோ–ஹிஸ்பரா?

இரண்டும் பாகிஸ்தானின் காரகோரம் மலைத்தொடரில் பனியாறுகள் மீது நடக்கும் மலைப்பயணங்கள். இரண்டுக்கும் புறப்படும் ஊர் ஒன்றே: அஸ்கோலே.

பால்டோரோ பனியாறு சுமார் 63 கி.மீ. நீளம். பனியாறுகள் கூடும் இடமான கன்கோர்டியா (ஏறத்தாழ 4,600 மீ.) வரை பனிக்கட்டியைக் கல்லும் சரளையும் மூடியிருக்கும். பனிக்கட்டியின் பிளவுகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதால் வழக்கமாக ஒருவரோடொருவர் கயிறு கட்டிக்கொள்வதில்லை. ஆடும் கற்களில் கணுக்கால் சுளுக்குவதுதான் பெரிய தொல்லை. உயரமான பூட்ஸும் இரண்டு ஊன்றுகோல்களும் அவசியம். கே2 (8,611 மீ.), பிராட் பீக், கஷெர்பிரம் 4 ஆகிய மூன்று சிகரங்களையும் கன்கோர்டியாவிலிருந்தே பார்க்கலாம். திரும்பும்போது கொண்டோகோரோ லா ('லா' என்றால் கணவாய்) வழியாக வர நினைத்தால் கணக்கே வேறு: கிராம்பான் (பூட்ஸில் மாட்டும் இரும்பு முட்கள்), ஹார்னஸ் (கயிற்றை இணைக்கும் இடுப்புப் பட்டை), நிலைக்கயிறு (சரிவில் பொருத்திய கயிறு) எல்லாம் வேண்டும்.

பியாஃபோவும் ஹிஸ்பரும் சேர்ந்து 100 கி.மீ.க்கு மேல், நடுவே 5,100 மீட்டரைத் தாண்டும் ஹிஸ்பர் லா. பியாஃபோவின் தலைப்பகுதியிலுள்ள அகன்ற பனிவெளியான ஸ்னோ லேக் பக்கம் வந்ததும் புதுப்பனி பிளவுகளை மறைத்துவிடும். மூன்று நான்கு பேர் ஒரே கயிற்றில், ஆளுக்கிடையே 10–15 மீட்டர் விட்டு நடக்க வேண்டும். கயிறு தொய்ந்தால் விழுபவர் ஆழமாக விழுவார், அந்த வெட்டிழுப்பு அடுத்தவரையும் சாய்க்கும். வெயில் ஏறினால் பிளவுகளை மூடியிருக்கும் பனிப்பாலங்கள் இளகும். விடியுமுன் கிளம்புவதே சரி.

கணவாய் தாண்டினால் இறக்கம்தானே என்று எண்ண வேண்டாம். ஹிஸ்பரின் வடகரையில் கிளைப் பனியாறுகள் குறுக்கிடுகின்றன. ஒவ்வொன்றிலும் சரியும் மொரைனில் (பனியாறு குவித்த கல்மேட்டில்) இறங்கி ஏற வேண்டும். கயிற்றில் பழகாதவர்களுக்குப் பால்டோரோவே பொருத்தம்.