புதுக்கார் ரிவ்யூக்கள் போடிமெட்டு ஏறுமா?

தேனி மாவட்டத்தில் போடி, தேவாரம், கம்பம் பக்கம் கார் வாங்குகிறவர்கள் தமிழில் நாலு, மலையாளத்தில் நாலு ரிவ்யூ பார்த்துவிட்டுத்தான் ஷோரூம் படியேறுகிறார்கள். அந்த ரிவ்யூக்களில் சீட், டிக்கி, பின்சீட் கால் இடம், கண்ணாடியில் பின்பக்கம் எவ்வளவு தெரிகிறது என்பதெல்லாம் பெரும்பாலும் நம்பத் தகுந்தவை. படத்திலேயே தெரிகிற விஷயத்தில் யாரும் புளுக முடியாது. மலை ஏறுவதைப் பற்றிச் சொல்வதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

புது மாடல் வந்தால் ஒரே நாள், ஒரே மணிக்கு வரிசையாக வீடியோ வரும். கம்பெனியே டிக்கெட்டும் ரிசார்ட் அறையும் போட்டு அழைத்துப் போய், சில மணி நேரம் வண்டியைக் கொடுத்து, இந்த மணிக்குப் பிறகுதான் வெளியிட வேண்டும் என்று கெடு வைக்கிற வழக்கம் அது. காசு, பரிசு, பயணம், தங்கும் இடம் என எதை வாங்கியிருந்தாலும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. அதை வீடியோவின் தொடக்கத்திலேயே சொல்பவரை நம்பிப் பார்க்கலாம். ஓட்டக் கிடைப்பதும் பெரும்பாலும் டாப் வேரியன்ட்தான். நாம் வாங்கும் நடு வேரியன்ட்டில் டயர் அகலம், வீல் அளவு, பின் பிரேக் எல்லாம் வேறாக இருக்கலாம். அப்படியானால் 'குலுங்கவே இல்லை' என்ற தீர்ப்பு நம் வண்டிக்குச் சொன்னதல்ல.

பெரிய ஓட்டை இழுவை விஷயத்தில்தான். வீடியோவில் ரெண்டு பேர், ஒரு கேமரா, நாலுவழிச் சாலை. 60-லிருந்து 100-க்கு மிதித்து 'செம பவர்' என்கிறார்கள். நம் ஓட்டமோ அஞ்சு பேர், டிக்கி நிறைய சாமான், ஏ.சி. ஓட, போடியிலிருந்து மூணாறு பக்கம் ஏறும் போடிமெட்டு மலைப்பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஆளும் சாமானும் சேர்ந்தால் 400 கிலோ வரும். 1,100 கிலோ வண்டிக்கு அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். வளைவில் எதிரே எஸ்டேட் ஜீப் இறங்கினால் வேகம் 10, 15-க்கு விழும். செகண்ட் கியரில் இன்ஜின் 1,200 ஆர்.பி.எம். அளவுக்குத் தொங்கும். 1 லிட்டர் டர்போ பெட்ரோலில், இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ உயிர் பெறுவது பெரும்பாலும் 1,800-ஐ ஒட்டித்தான். அதற்குக் கீழே அது வெறும் 1 லிட்டர் இன்ஜின். மிதித்தாலும் ஒரு நொடி ஒன்றும் நடக்காது, பிறகு திடீரென்று பாயும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்திருக்கும்போது அந்தப் பாய்ச்சல் ஆபத்து. அங்கே ஃபர்ஸ்ட் கியருக்கு வருவதே சரி.

ஏ.எம்.டி. வண்டி (மேனுவல் கியர்பாக்ஸையே தானாக மாற்றும் ஆட்டோமேட்டிக்) வளைவின் நடுவில் கியர் மாற்ற மூச்சு வாங்கும், மேனுவல் மோடில் செகண்டிலோ ஃபர்ஸ்டிலோ நிறுத்திவிட வேண்டும். டிரை கிளட்ச் டி.சி.டி.யில் (எண்ணெயில் நனையாத இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் ஆக்ஸிலேட்டரிலேயே தாங்கி நிறுத்தினால் கிளட்ச் சூடாகி எச்சரிக்கை வரும். இதையெல்லாம் ஓட்டிக் காட்டுகிற ரிவ்யூ அரிதிலும் அரிது.

மைலேஜ் விஷயத்தில் டிஸ்ப்ளே எண்ணை வாசிக்கும் ரிவ்யூ வீண். மெட்டில் இறங்கும்போது கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரை விட்டால் இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும், டிஸ்ப்ளே வானத்துக்குப் போகும். (நியூட்ரலில் இறக்குகிறவர்கள் கவனிக்க: அதில்தான் பெட்ரோல் எரிகிறது, பிரேக்கும் காய்கிறது.) ஒரே பங்க், ஒரே பம்ப், முதல் ஆட்டோ கட் வரை நிரப்பி, 300 கி.மீ.க்குக் குறையாமல் ஏறி இறங்கி, மறுபடி அதேபோல் நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை பிடித்த லிட்டரால் வகுத்துச் சொல்பவர் கணக்கே கணக்கு.

கதவைத் தட்டி 'பில்ட் குவாலிட்டி' சொல்வதையும் விட்டுவிடலாம். அந்த 'தப்' சத்தம் ரப்பர் பீடிங்கும் உள்ளே ஒட்டிய ஷீட்டும் தருவது. பலம் தெரிய வேண்டுமென்றால் 2023-ல் தொடங்கிய பாரத் என்கேப் என்ற மோதல் சோதனைத் திட்டத்தின் முடிவைப் பார்க்கலாம், முன்பக்க மோதல் சோதனை 64 கி.மீ. வேகத்தில் நடக்கிறது.

டீசல் எடுப்பவர்களுக்குச் சொல்லப்படாத இன்னொன்று டி.பி.எஃப்., அதாவது புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர். தினம் அஞ்சு கிலோமீட்டர் ஊருக்குள் மட்டும் ஓடினால் புகைக்கரி எரிய நேரம் கிடைக்காமல் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை தேனி தாண்டி அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டினால் பிரச்சினை குறையும். 20,000 கி.மீ. ஓட்டியவர்கள் போடும் ரிவ்யூவில்தான் இது வருகிறது. அதனால் முதல் வார வீடியோ ஒன்று போதும், மிச்ச நேரத்தை அப்படி நாள்பட ஓட்டியவர்கள் ரிவ்யூக்களுக்குக் கொடுங்கள்.

டெஸ்ட் டிரைவுக்கு நாலு பேராகப் போங்கள். மலையடிவாரத்து முந்தல் தாண்டி மெட்டு ரோட்டில் ரெண்டு வளைவாவது ஏற்றிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஏ.சி. ஓடட்டும். ஏற்றத்தில் முழுசாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போடாமல் பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்ஸிலேட்டருக்கு மாற்றுங்கள். வண்டி பின்னால் உருண்டால் அந்த வேரியன்ட்டில் ஹில் ஹோல்டு (ஏற்றத்தில் சில நொடி பிரேக்கைத் தானாகப் பிடித்து வைக்கும் வசதி) இருக்கிறதா என்று அங்கேயே கேளுங்கள். இறங்கும்போது செகண்டில் விட்டு, கீழே வந்ததும் கிளட்ச் கருகிய வாடை வருகிறதா பாருங்கள்.