மின்கம்பி வழியே இணையம்: பவர்லைன் அடாப்டருடன் சில ஆண்டுகள்

மோடம் வீட்டின் ஒரு கோடியில். ரவுட்டர் தேவைப்படும் அறை மறு கோடியில். இடையில் கான்கிரீட் சுவர்கள், துளைபோட அனுமதி இல்லை. அதனால் சில ஆண்டுகளாக என் ரவுட்டருக்கு இணையம் வருவது பவர்லைன் அடாப்டர் வழியாகத்தான். மோடத்திலிருந்து ஒரு கேபிள் முதல் அடாப்டருக்கு, இரண்டாவது அடாப்டரிலிருந்து இன்னொரு கேபிள் ரவுட்டருக்கு. நடுவில் வீட்டின் மின்கம்பிதான் பாதை. இணைய நிறுவனம் தந்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் வழக்கம்போல ரவுட்டரில் இட்டேன். இடையே அடாப்டர்கள் இருப்பதே அதற்குத் தெரியாது.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகத்தை நம்பி யாரும் வாங்க வேண்டாம். அது வெறும் ஏட்டளவு எண். 600 என்று பெருமையாகப் போட்டிருக்கும் மாடல்கள் பலவற்றில் ஈதர்நெட் போர்ட் 100 மெகாபிட்டுக்கு மேல் தராது; இது விளம்பரம் என்பதைவிடக் குறும்பு என்றே எனக்குத் தோன்றுகிறது. போதாததற்கு, ஒரே கம்பியில் அனுப்புவதும் பெறுவதும் மாறி மாறித்தான் நடக்கும். காணொளி அழைப்பு, படம் பார்ப்பது, அலுவலக வேலை எல்லாவற்றுக்கும் எனக்குக் கிடைப்பது போதும். பெரிய கோப்புகளை இறக்கும்போதுதான் பொறுமை வேண்டும்.

உண்மையான விளையாட்டு பிளக் பாயிண்டில் இருக்கிறது. இந்தக் கருவிகள் தகவலை ஏறத்தாழ 2 முதல் 28 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் அனுப்புகின்றன. ஹோம்பிளக் என்னும் பவர்லைன் தரத்தின் புதிய பதிப்பான ஏவி2 வகை 86 வரை போகும். திடீர் மின்னழுத்த எழுச்சியிலிருந்து (சர்ஜ்) காக்கும் நீட்டிப்புப் பலகைகளில் உள்ள வடிகட்டி துரத்தியடிப்பது இதே உயர் அலைவரிசையைத்தான். எனவே அடாப்டர் நேராகச் சுவரில்தான் செருகப்பட வேண்டும். மலிவான மொபைல் சார்ஜர், எல்இடி விளக்கின் டிரைவர், கார்பன் பிரஷ் மோட்டார் உள்ள துளையிடும் கருவி எல்லாமே இதே கம்பியில் இரைச்சலைக் கொட்டும். பக்கத்துப் பிளக்கில் இருந்த ஒரு சார்ஜரைக் கழற்றியதும் என் இணைப்பு பளிச்சென்று சீரானது. எந்தக் கருவி குற்றவாளி என்று கண்டுபிடிக்க, ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை. மும்முனை மின்சாரம் உள்ள வீட்டில் இரண்டு அடாப்டரும் வெவ்வேறு பேஸில் மாட்டிக்கொண்டால் வேகம் படுத்துவிடலாம். ஒரே பேஸில் உள்ள வேறு பிளக்குக்கு மாற்றிப் பார்ப்பதுதான் எளிய வழி. மிமோ, அதாவது ஒரே நேரத்தில் பல கம்பிப் பாதைகளில் தகவல் அனுப்பும் வசதி, உள்ள மாடல் எர்த் கம்பியையும் பயன்படுத்தும், ஆனால் எர்த் சரியாக இல்லாத பிளக்கில் அந்தக் கூடுதல் பணம் வீண்.

நீண்ட நாள் பயன்பாட்டில் எரிச்சலூட்டிய ஒன்று உண்டு. கம்பி வழித் தொடர்பு அறுந்தாலும், ரவுட்டருக்கும் அருகிலுள்ள அடாப்டருக்கும் இடையிலான கேபிள் உயிரோடுதான் இருக்கும். ரவுட்டரில் போர்ட் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். இணையம் மட்டும் இருக்காது. முதலில் பார்க்க வேண்டியது ரவுட்டரை அல்ல, அடாப்டரில் உள்ள பவர்லைன் விளக்கை. அடாப்டரைக் கழற்றிச் செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மற்றபடி கருவி எப்போதும் சற்று வெதுவெதுப்பாகவே இருக்கிறது. ரவுட்டர் ஓய்வதே இல்லை என்பதால் அடாப்டரின் உறக்க நிலையும் வருவதில்லை. திரைச்சீலைக்குப் பின்னே மறைக்காமல் காற்றோட்டமாக வைத்திருக்கிறேன். பவர்லைன் பயன்படுத்தும் அலைவரிசை சிற்றலை வானொலியில் இரைச்சலைக் கிளப்பலாம் என்பதால், அதைக் கேட்பவர் வீட்டில் இருந்தால் கொஞ்சம் முணுமுணுப்பும் வரக்கூடும்.

வைஃபை ரிப்பீட்டரோடு ஒப்பிட்டால், இந்தச் சுவர்களுக்கு நடுவே நான் பவர்லைன் பக்கம்தான். ஈதர்நெட் கேபிள் இழுக்க முடிகிறவர்கள் இரண்டையும் மறந்துவிடலாம்.

வாங்கியதும் இரண்டு அடாப்டரிலும் இணைப்புப் பொத்தானை அழுத்திப் புதிய குறியாக்கச் சாவியை உருவாக்கிக்கொள்ளுங்கள். ஹோம்பிளக் ஏவி கருவிகள் 128 பிட் ஏஇஎஸ் குறியாக்கத்தைப் பயன்படுத்துகின்றன. ஆனால் தொழிற்சாலையில் எல்லாக் கருவிகளிலும் ஒரேபோல வைத்த சாவியோடு விட்டுவிட்டால், அடுக்குமாடிக் கட்டடத்தில் சமிக்ஞை பக்கத்து வீட்டுக் கம்பிக்குக் கசியும்போது அங்குள்ள அடாப்டரும் உங்கள் வலையில் சேர்ந்துகொள்ளலாம்.